மூன்று தாள்களும் ஒரே மாதிரி

போன வாரம் விழிதியூரிலிருந்து ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நெல் விவசாயம் செய்கிறவர். அவருடைய பத்து வயது மகன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கிறான், வீட்டில் சாமான்களை உடைக்கிறான் என்று புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். அங்கே கொடுத்த இரண்டு தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். "முசே, பாரம் எழுதுறதுல உங்கள மிஞ்ச ஆளில்லேங்கறாங்க. எனக்கும் என் சம்சாரத்துக்கும் சேத்து நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.

தாளைப் பிரித்ததுமே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாட்டேன் என்றேன். உங்களுடையதை நீங்கள் எழுதுங்கள், உங்கள் மனைவி எழுதுவதை எட்டிக்கூடப் பார்க்காதீர்கள் என்றேன். மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றதற்கும் நிற்கவில்லை. காரணத்தை வாய்விட்டுச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அவரைப் போல இன்னும் யாராவது அந்தத் தாளோடு நிற்கக்கூடும்.

நான் பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியவன். எங்கள் ஊரில் என் மாதிரி ஆட்களுக்கு, ஐயா என்பதற்கான பிரெஞ்சு வார்த்தையில், முசே என்றுதான் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும். பென்ஷன்காரர்கள் வருடா வருடம் தாங்கள் உயிரோடு இருப்பதாகக் காகிதம் காட்ட வேண்டும். அந்தக் காகிதத்தில் இருப்பதும் பழைய காகிதத்தில் இருப்பதும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பிறந்த தேதி ஒன்றில் ஐந்து, இன்னொன்றில் ஆறு என்று இருந்தால் போச்சு, காகிதக் கட்டு திரும்பி வந்துவிடும். ஆள் கல்லுப்பிள்ளையார் மாதிரி எதிரே உட்கார்ந்திருந்தாலும் உயிரோடு இல்லை என்றுதான் அர்த்தம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் இந்தக் காகிதங்களை ஒழுங்கு செய்து கொடுப்பேன். எந்தப் பாரம் வாங்கினாலும் ஒன்றுக்கு இரண்டாக வாங்குவேன். முதலில் ஒன்றில் எழுதிப் பார்த்து, மற்றக் காகிதங்களோடு ஒப்பிட்டு, பிறகு நல்ல பிரதி எடுப்பேன். ஒரு கட்டுகூட என் கையிலிருந்து போய்த் திரும்பி வந்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் என் மகளைப் படுக்கையில் தள்ளியது.

ஜெசிந்தா எங்களுக்கு ஒரே பெண். எண்பதுகளின் தொடக்கத்தில், அவளுக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போது, வீட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கேட்க ஆரம்பித்தது என்றுதான் சொல்ல முடியும், நான் பார்க்கவில்லை. ராணுவத்துப் பழக்கம் எனக்கு விடவில்லை. பன்னிரண்டு அடித்தால் சாப்பாடு, ஏழு அடித்தால் சாப்பாடு, அதுவும் தனியாக, மேசையில். நான் எழுந்துபோன பிறகு தாயும் மகளும் அடுக்களையில் சாப்பிடுவார்கள். அங்கிருந்து தட்டு விழும் சத்தம் வரும். என்ன அது என்று கேட்டால் பூனை என்பாள் என் மனைவி லூர்து. எங்கள் வீட்டில் பூனை கிடையாது. அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

ஒரு நாள் லூர்து எனக்குத் தண்ணீர் வைக்கும்போது அவள் முன்கையில் பல் பதிந்த தடத்தைப் பார்த்தேன். புதிது ஒன்று, ஆறியது இரண்டு. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்று மாதமாக மகள் கத்துகிறாள், கடிக்கிறாள், புத்தகத்தைக் கிழிக்கிறாள். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியாயிற்று, நாகூருக்குப் போய்த் தாயத்தும் மந்திரித்துக் கட்டியாயிற்று, எனக்குத்தான் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். நீங்கள் அவளை அடித்துவிடுவீர்களோ என்று பயந்தேன் என்றாள். நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. ஆனால் அடித்துவிடுவேன் என்று நினைக்கும்படி இருந்திருக்கிறேன்.

ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, மனநலப் பிரிவில் காட்டுங்கள் என்று புதுச்சேரிக்குச் சீட்டு எழுதினார். மனநலம் என்ற வார்த்தையைக் கேட்டதும் லூர்து சீட்டைக் கைப்பைக்குள் மறைத்தாள். பிள்ளைக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம்.

பூவம் எல்லையில் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். காரைக்காலில் சாராயம் மலிவு என்பதால், தமிழ்நாட்டுப் போலீஸ் ஏறி ஒவ்வொரு பையாகப் பிரித்துப் பார்க்கும். ஜெசிந்தாவின் துணிப்பையை ஒரு போலீஸ்காரர் உதறியபோது அவள் அவரையே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நல்ல பிள்ளையாகத்தானே வருகிறாள், இதற்குப் போய் இவ்வளவு தூரமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மனநலப் பிரிவு பின்பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. மூன்று மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம். எதிர் பெஞ்சில் ஒரு சிறுமி தன் தலையைச் சுவரில் மெல்ல மோதிக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா சுவருக்கும் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்திருந்தாள். அந்தக் கையை அவள் எடுக்கவே இல்லை. இங்கே வந்தவர்கள் யாரும் வெட்கப்பட வேண்டியவர்கள் இல்லை என்று எனக்கு முதலில் தோன்றியது அந்தக் கையைப் பார்த்தபோதுதான்.

டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி, குரலை உயர்த்தாதவர். பசி எப்படி என்று கேட்டார். லூர்து வாயைத் திறப்பதற்குள், நன்றாகச் சாப்பிடுவாள் என்று நான் சொல்லிவிட்டேன். பிறகு தாள்களை எடுத்தார். பிள்ளைகளின் நடத்தையை அளக்கிற பாரம் அது. நூற்றுச் சொச்சம் வரிகள்: சட்டென்று கோபப்படுகிறாள், பொருள்களை உடைக்கிறாள், தனியாகவே இருக்கிறாள், காரணமில்லாமல் அழுகிறாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: இல்லை, சில சமயம், அடிக்கடி. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு எண் வரும். அந்த எண் ஒரு கோட்டுக்கு மேலே போனால் பிள்ளையை உள்ளே சேர்த்துக் கவனிக்க வேண்டும், கீழே இருந்தால் வந்து காட்டிப் போனால் போதும்.

"காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்குங்க. இதுக்குக் கூட இருக்கறவங்க கண்ணுதான் கருவி" என்றார். அம்மா ஒன்று, அப்பா ஒன்று, வகுப்பு ஆசிரியை ஒன்று; மூவரும் தனித்தனியாக எழுத வேண்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது, டீச்சர் உறையை ஒட்டியே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே, கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று ஆறு தாள்களாக வாங்கிக்கொண்டேன்.

வகுப்பு ஆசிரியை அமலி டீச்சரின் உறை நான்காம் நாள் வந்தது. அன்றைக்கே ஆவியில் காட்டிப் பிரித்துவிட்டேன். நானும் லூர்தும் எழுதி முடித்திருந்த தாள்களோடு சேர்த்து, மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். லூர்து உடைத்தல், கத்தல், கடித்தல் எல்லாவற்றுக்கும் 'அடிக்கடி' போட்டிருந்தாள். டீச்சர் அதற்கெல்லாம் 'இல்லை' போட்டு, தனியாக இருக்கிறாள், அழுகிறாள் என்பதற்கு 'அடிக்கடி' போட்டிருந்தார். ஓரத்தில் பென்சிலால் ஏதோ ஒரு வரி வேறு. என் தாளில் எல்லாம் 'இல்லை'. மூன்றும் ஒரே பிள்ளையைப் பற்றியது என்று எந்த ஆபீசும் ஒத்துக்கொள்ளாது. கட்டு திரும்பிவிடும், பிள்ளைக்கு வைத்தியம் நின்றுவிடும் என்று உண்மையாகவே பயந்தேன்.

அதனால் சரிசெய்தேன். ஒருவர் 'இல்லை', ஒருவர் 'அடிக்கடி' என்றால் நியாயமாக 'சில சமயம்'தானே. வரிக்கு வரி அப்படியே போட்டு, மூன்று நல்ல பிரதிகள் எடுத்தேன். லூர்து தன்னுடையதில் கையெழுத்துப் போட்டாள். நான் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டே பழகியவள். அமலி டீச்சர்தான் தயங்கினார். அவருடைய தம்பி பிரான்சுக்குப் போகக் காகிதமெல்லாம் நான் செய்து கொடுத்தவன்.

"நான் எழுதுனது இது இல்லீங்களே, முசே."

எல்லாம் அதேதான் டீச்சர், ஒன்றோடொன்று இடிக்காமல் கொஞ்சம் ஒழுங்கு பண்ணியிருக்கிறேன் என்றேன். என் முகத்துக்காக அவர் கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் மூன்றையும் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். தனித்தனியாகத்தான் எழுதினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று நான் அவர் கண்ணைப் பார்த்தே பொய் சொன்னேன். லூர்து தரையைப் பார்த்தாள். கூட்டிய எண் கோட்டுக்குக் கீழே நின்றது. லேசான மாத்திரை எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். காகிதம் ஒரே மூச்சில் பாஸாகிவிட்டது என்று வருகிற வழியில் சிதம்பரத்தில் இறங்கி இருவருக்கும் டிபன் வாங்கிக் கொடுத்தேன். ஜெசிந்தா இட்லியைப் பிட்டுப் பிட்டு இலையில் பரப்பி வைத்தாள். அதையும் பார்த்தேன், பார்த்ததாக எண்ணவில்லை.

மூன்றாவது வாரம், பள்ளிக்கூடத்தில் காலை ஜெபத்தின்போது நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டாள். ஊர் ஆஸ்பத்திரியில் நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்திச் சலைன் ஏற்றினார்கள். பாவாடை தாவணிக்குள் பிள்ளை இவ்வளவு மெலிந்திருந்தது அங்கே துணி மாற்றியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. வாடகைக் காரில் புதுச்சேரிக்குப் பறந்தோம். வழியெல்லாம் லூர்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள், நம்ம பிள்ளை பிழைச்சுக்குமா என்று.

வார்டில் படுக்கை போட்ட பிறகு டாக்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதலில் எந்த மருந்து, எவ்வளவு என்று அவர் முடிவு செய்ய வேண்டும். அவர் கையில் இருந்தவை என் மூன்று நல்ல பிரதிகள். அறைக்கு வெளியே லூர்து என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். கல்யாணமாகி அதுவரை அவள் அப்படிச் செய்ததில்லை.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நான் எந்தக் காகிதத்தையும் கிழித்துப்போடுகிறவன் இல்லை. அசல் தாள்கள் மூன்றும் பழுப்பு அட்டைக்குள், என் பையிலேயே இருந்தன. எடுத்து மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீச்சரின் தாளை எடுத்து ஓரத்துப் பென்சில் வரியை வாய்விட்டுப் படித்தார்: மதியச் சாப்பாட்டைத் தினமும் காக்கைக்குப் போட்டுவிடுகிறாள்.

"இத ஏங்க விட்டுட்டீங்க?"

"அதுக்குக் கட்டம் இல்லீங்க" என்றேன்.

அப்படிச் சொன்ன பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். டாக்டர் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். "மூணு பேரு மூணு மாதிரிதான் எழுதுவாங்கன்னு எங்களுக்குத் தெரியும். அதுக்குத்தான் மூணு தாளு. ஒரே மாதிரி எழுதறதுக்கு ஒண்ணு போதுமே, ஐயா."

அசல் தாள்களைச் சேர்த்துப் பார்த்தபோது அவருக்கு வழி தெரிந்தது. வீட்டில் சத்தமெல்லாம் சாப்பாட்டு வேளையில். தாய் ஊட்டப் போவாள், பிள்ளை கடிக்கும். பள்ளிக்கூடத்தில் ஊட்ட ஆளில்லை, அதனால் சண்டையில்லை, காக்கைக்குப் போய்விடும். என் எதிரில் ஒன்றுமே இல்லை. இதை மனச்சோர்வு என்றார். பெரியவர்களுக்கு வந்தால் அழுதுகொண்டு படுத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கோபமாகவும் வரும், பேசாமல் இருப்பதாகவும் வரும், சாப்பிடாமல் கிடப்பதாகவும் வரும், வைத்தியத்துக்குக் கேட்கிற நோய்தான் என்று விளக்கினார்.

ஐந்து வாரம் அங்கே இருந்தோம். பகலில் ஒருவர், ராத்திரி ஒருவர் என்று மாறிக்கொள்வோம். பக்கத்துப் படுக்கைப் பிள்ளையின் அம்மாவுக்குக் கடலூர்ப் பக்கம். நாங்கள் கேட்காமலே எங்கள் பிளாஸ்கிலும் வெந்நீர் பிடித்து வைத்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அமலி டீச்சர் பஸ் ஏறி வந்தார். ஜெசிந்தா விட்டுப்போன பாடங்களை வகுப்புப் பெண்கள் ஆளுக்கொரு நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். டீச்சர், நானும்தானே கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

நர்சுகள் ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். கத்தினாள், அடித்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள் என்று மணிக்கு மணி அதில் குறி போடுவார்கள். பகலில் அந்த வேலையை என்னிடம் கொடுக்கும்படி டாக்டர் நர்சுகளிடம் சொல்லிவிட்டார். தண்டனை என்றுதான் நினைத்தேன். முதல் நாள், 'பால் குடிக்க மாட்டேனென்று பிடிவாதம் பிடித்தாள்' என்று எழுதினேன். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுத் திரும்பி வந்தது. வாழ்நாளில் திரும்பி வந்த என் முதல் காகிதம். "பிடிவாதத்த எப்படிங்க பாத்தீங்க? கண்ணுல பட்டத மட்டும் எழுதுங்க" என்றார் டாக்டர்.

கண்ணில் பட்டதை எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பிறகு இப்படி எழுதினேன்: டம்ளரை வாய்வரை கொண்டுபோனாள், என்னைப் பார்த்தாள், கீழே வைத்தாள். மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் கால் வலிக்கிறதென்று நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டேன்; அவளுக்கு என் முதுகுதான் தெரியும். பாதிப் பால் குடித்தாள். சாயங்காலம் என் குறிப்புகளை நானே திருப்பிப் பார்த்தேன். எதிரே நான் உட்கார்ந்த வேளைகளில் எல்லாம் டம்ளர் கீழே போயிருக்கிறது. அந்தத் தாளை நானாகவே கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தேன். நீட்டும்போது கூச்சமாக இருந்தது, ஆனாலும் ஒரு வரியும் மாற்றவில்லை.

அதற்குப் பிறகுதான் ஜெசிந்தாவுக்கே ஒரு தாள் கொடுத்தார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதலாமாம். அவள் எழுதியதை எங்களுக்குக் காட்டவில்லை. அவளிடம் அனுமதி கேட்டு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் டாக்டர் எங்களுக்குச் சொன்னார்.

அடுத்த வருடம் அவளைப் பிரான்சிலுள்ள என் தம்பி வீட்டுக்குப் படிக்க அனுப்புவதாக நான் ஏற்பாடு செய்திருந்தேன். அவளுக்குப் போக விருப்பமில்லை. என்னிடம் சொல்லப் பயம். ராணுவத்தில் ஆளெடுக்கும்போது எடை குறைந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் கதை சொல்வேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எடை குறைந்தால் தன்னையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறாள். அவள் பிறப்பிலேயே பிரெஞ்சுப் பிரஜை. அவளை யாரும் தராசில் நிறுத்தப்போவதில்லை. அதை அவளுக்கு யார் சொன்னார்கள்? விளையாட்டாக ஆரம்பித்தது அவளாலேயே நிறுத்த முடியாமல் போயிருக்கிறது. இது ஒன்றுதான் காரணம் என்று நினைக்காதீர்கள், நோய்க்கு வேர் பல என்று டாக்டர் சொன்னார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ, எனக்கு ஒரு வேர் போதும்.

அன்று மாலை அவள் படுக்கையருகே போய், நீ எங்கேயும் போகவேண்டாம் என்றேன். நம்பாத முகத்தோடு பார்த்தாள். ஊருக்குத் திரும்பியதும், அவளைப் பிரான்சுக்கு அனுப்பச் சேர்த்து வைத்திருந்த காகிதக் கட்டை அவள் கண்ணெதிரேயே பெட்டியின் அடியில் போட்டேன். சாப்பாட்டை மேசையிலிருந்து அடுக்களைக்கு மாற்றிக்கொண்டேன். மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் என் தட்டை மட்டும் பார்ப்பேன். குணம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. நடுவில் இரண்டு தடவை தட்டு பறந்தது. மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள். லூர்து ஊற்றிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மறுபரிசோதனைக்கு மறுபடியும் தாள்கள் வந்தன. ஒன்றுக்கு ஒன்றுதான் வாங்கினேன். லூர்து அடுக்களையில் எழுதினாள், நான் மேசையில் எழுதினேன், ஜெசிந்தா கிணற்றடியில் உட்கார்ந்து எழுதினாள். டீச்சரும் லூர்தும் உறையை ஒட்டிக் கொடுத்தார்கள். ஜெசிந்தா தன் தாளை நான்காக மடித்து அப்படியே நீட்டினாள். பசை மேசைமேல்தான் இருந்தது. ஒட்டலையாம்மா என்று கேட்டேன்.

"வேணாம் பப்பா. நீங்க பிரிக்க மாட்டீங்க."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை என் பைக்குள் வைத்தேன்.

பூவத்தில் பஸ் நின்றது. போலீஸ்காரர் ஏறி, என் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். பாட்டில் எதுவும் இல்லை. மடித்த தாள் அவர் கையில் வந்தது. பிரிக்கப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். யூனிபாரம் போட்டவர் கையைப் பிடிக்கிற காரியம் ராணுவத்தில் இருந்தவன் செய்கிற காரியமல்ல.

"அது எம்பொண்ணு எழுதுனதுங்க. நானே இன்னும் பாக்கல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தார், தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். ஜெசிந்தா மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, என் எதிரிலேயே, இட்லி சாப்பிட ஆரம்பித்தாள்.